நானூற்றுப் பதினேழாவது அடி

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு, நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே பாதுகாப்புக் குழுவில் இருப்பவர் பேசினார். விபத்து அறிக்கையை இனிமேல் கையால் எழுத வேண்டியதில்லையாம். டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். ‘காரணம்’ என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் இறங்குகிறது; அதில் ஒன்றைத் தொட்டால் வேலை முடிந்தது. படம் எடுத்து அனுப்பியிருந்தார். பட்டியலின் முதல் வரி, ‘தொழிலாளியின் கவனக்குறைவு’.

“புதுசா வந்திருக்கறவங்களுக்கு ரிப்போர்ட் எப்படி எழுதறதுன்னு நீங்க வந்து ஒரு அரை மணி நேரம் பேசணும் சார்,” என்றார்.

படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலின் கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு வரியும், அதன் கீழ் ஒரு வெற்றுப் பெட்டியும் இருந்தன. பெட்டிக்குள் மங்கலான எழுத்தில், ‘நூற்றைம்பது எழுத்துகளுக்கு மிகாமல்’ என்று போட்டிருந்தது. பட்டியலைவிட அந்தப் பெட்டிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு காலத்தில் நான் எழுதிய மூன்று வாக்கியங்கள் அதற்குள் அடங்குமா என்று பார்க்கத் தோன்றியது. பழைய டைரியை எடுத்தேன். பேச்சுக்காக எடுக்கத் தொடங்கிய குறிப்பு இப்படி நீண்டுவிட்டது.

தேதி இல்லாமல் எனக்கு எழுத வராது. இருந்தாலும் இதில் வருஷத்தை விட்டுவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் இன்னும் இந்த ஊர்ப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். கிழமையும் மணியும் டைரியில் உள்ளபடி.

அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கான தகட்டு உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். இரண்டு மொழியிலும் தட்டச்சு ஹயர் முடித்திருந்தேன். கையெழுத்து நன்றாக இருந்தது. அந்த ஒரு தகுதிக்காக விபத்துப் பதிவேடு என் மேஜைக்கு வந்தது. பன்னிரண்டு வருஷம் நான் எழுதியதை எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு பக்கத்தில் முடியும். கடைசி வரி காரணத்தைச் சொல்லும். பெரும்பாலும் அந்தக் காரணம் கவனக்குறைவு. “தேவராஜ் எழுதினா திருப்பிக் கேள்வி வராது” என்று ப்ரொடக்‌ஷன் மேனேஜர் சொல்வார். அதை நான் என் எழுத்துக்குக் கிடைத்த பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

பதின்மூன்றாம் வருஷம் பாதுகாப்பு அதிகாரியாக யசோதரா வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆவடிக்காரர். தாத்தா காலத்திலேயே பௌத்தத்தைத் தழுவிய குடும்பம். அதைப் பற்றி அவராக எதுவும் பேச மாட்டார். சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிஷம் ஸ்டோர்ஸின் பின்பக்கம் போய், கவிழ்த்துப் போட்ட மரப் பலகை மேல் கண்ணை மூடி உட்காருவார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

மெயின்டனன்ஸ் ஃபிட்டர் முனுசாமிக்கு அது பெரிய வேடிக்கை. மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். “மேடம் துன்னுட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்றாங்கோ” என்று ஒரு நாள் அவன் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

“குறட்டை கேட்டுச்சா முனுசாமி?”

“இல்லியே மேடம்.”

“தலை சாஞ்சுதா?”

“அதுவும் இல்ல.”

“அப்ப நீங்க தூக்கத்தைப் பாக்கல, கேக்கல. நினைச்சுக்கினீங்க.”

கடைசிச் சொல்லை அவனுடைய பாஷையிலேயே சொன்னதில் முனுசாமி சிரித்துவிட்டான். எனக்கு மறுநாளே சிரிப்பு போயிற்று. ஒரு தொழிலாளி வழுக்கி விழுந்தது பற்றி நான் எழுதியதை எடுத்துக்கொண்டு யசோதரா வந்தார். அவர் படிக்கும் விதமே தனி. ஒரு ஸ்கேலை வரிக்குக் கீழே வைப்பார். வாய்விட்டு, மெதுவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் படிப்பார். அடுத்த வரிக்கு ஸ்கேல் தானாக நகராது. நான் பதில் சொன்ன பிறகுதான் நகரும்.

“‘தரையில் எண்ணெய் இருந்ததைக் கவனிக்காமல் வேகமாக நடந்ததால் வழுக்கி விழுந்தார்.’ எண்ணெயை நீங்க பார்த்தீங்களா சார்?”

“பார்த்தேன் மேடம்.”

“வேகமா நடந்தது?”

“அவரே சொன்னார்.”

“கவனிக்காம?”

அந்தச் சொல்லை நானும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன்.

பென்சிலால் ஓரத்தில் மூன்று எழுத்துகள் போட்டார். பா, கே, நி. பார்த்தது, கேட்டது, நினைத்தது. “இனிமே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்துல இதுல ஒண்ணு இருக்கணும். ஒரே வாக்கியத்துல ரெண்டு எழுத்து வந்தா வாக்கியத்தை ரெண்டாப் பிரிங்க.”

“நி வந்ததை எல்லாம் அடிச்சிடவா மேடம்?”

“ஏன் அடிக்கணும்? நினைச்சதும் நடந்ததுதானே. ஆனா அது உங்களுக்குள்ள நடந்தது. தரையில நடக்கல.”

அன்று மாலை பன்னிரண்டு வருஷத்துப் பதிவேட்டைப் புரட்டி, பென்சிலால் ஓரத்தில் எழுத்துப் போட்டுப் பார்த்தேன். கடைசி வரிகள் அத்தனையும் ‘நி’. பட்டம் வாங்கித் தந்த வரிகள் அவைதான்.

இனி சலீம் விஷயத்துக்கு வருகிறேன்.

சலீம் பூந்தமல்லிக்காரர். அப்போது இருபத்தேழு வயது. பவர் பிரஸ் ஓட்டினார். அந்த மெஷினைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். தகட்டை அச்சின் மேல் வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலே இருக்கும் கனமான இரும்புத் தலை ஒரு முறை இறங்கி இடித்துவிட்டு மேலே போய் நிற்கும். காலை எடுத்துவிட்டால் மறுபடி மிதிக்கும்வரை அது இறங்கக் கூடாது. அந்த இடைவெளியில்தான் கை உள்ளே போய், இடித்த பாகத்தை எடுத்துக்கொண்டு வரும். ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான முறை கை இப்படிப் போய்வரும்.

கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே கால். காலை ஆறு மணி ஷிஃப்ட். கை உள்ளே இருந்தபோது தலை இறங்கிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் வாங்கப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “சார், வேல போயிடுமா?” அவருக்குப் பயிற்சிக் காலம் முடிய இரண்டு மாதம் இருந்தது. விபத்துக்குக் காரணம் அவர்தான் என்று முடிவானால் நிரந்தரம் செய்ய மாட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் இல்லாதவரை எஸ்டேட்டில் வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நடந்ததைச் சொல்லச் சொன்னேன். “பீஸ எடுக்கக் கை உள்ள போச்சு. மேல இருந்து வந்துடுச்சு. கால எடுத்துட்டேன்னுதான் நினைக்கிறேன். அந்த நேரத்துல நான் எங்க இருந்தேன்னு எனக்கே தெரியல சார்.”

மறுநாள் காலை வரைவு எழுதினேன். மெயின்டனன்ஸில் மெஷினை ஐம்பது முறை ஓட்டிப் பார்த்து, கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மேனேஜர் மேஜையருகே வந்து நின்றார். “பெடல்லேருந்து காலை எடுக்காம வெச்சிருப்பான், வேற என்ன? வெள்ளிக்கிழமை என்கொயரி. ஒரு பக்கத்துல முடிங்க தேவராஜ்.” பழைய கை பழைய வழியிலேயே போயிற்று. ‘தாம் கவனமாக இல்லை என்பதை ஒப்புக்கொண்டார்’ என்று எழுதினேன். ஓரத்தில் ‘கே’ போட்டேன்.

யசோதரா ஸ்கேலை அந்த வரிக்குக் கீழே வைத்தார். “அவர் சொன்ன வார்த்தை இதுவா?”

சொன்ன வார்த்தையைச் சொன்னேன்.

“‘நான் எங்க இருந்தேன்னு தெரியல.’ இது ஒப்புக்கொள்றதா சார்? எனக்குத் தெரிஞ்சு, இவ்வளவு சரியா யாரும் வாக்குமூலம் கொடுத்ததில்ல.” ஸ்கேலை எடுத்து ஓரமாக வைத்தார். “நாளைக்கு நீங்க அந்த மெஷின் முன்னாடி உக்காருங்க. முனுசாமி மிதிக்கட்டும். அச்சு வேண்டாம், தகடு வேண்டாம், யார் கையும் உள்ள போக வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் ரெண்டு விஷயத்தைப் பாக்கணும். கால் பெடலை விட்டுச்சா, தலை மேல நின்னுச்சா. பார்த்தப்புறம் ஒரு கோடு. மனசு வேற எங்கயாவது போச்சுன்னா திரும்பி வாங்க. போனதுக்காகத் திட்டிக்க வேண்டாம்.”

வியாழக்கிழமை பகல் ஒன்றரைக்கு ஆரம்பித்தோம். மேனேஜர் நாலு மணி வரைதான் மெஷினைக் கொடுத்திருந்தார். நாற்காலி, அட்டை, காகிதம், பென்சில். முனுசாமி மிதித்தான். கால், தலை, கோடு. கால், தலை, கோடு.

“இன்னாண்ணா, கோயில்ல லட்சார்ச்சனை மாதிரி கீது,” என்றான் நூறாவது அடியில்.

“பேசாம மிதிடா.”

“பிரசாதம் உண்டா, அத்த சொல்லு.”

முதல் இருநூறு சிரமமாக இல்லை. அதன் பிறகுதான் விநோதமாக ஒன்றைக் கவனித்தேன். என் கை நான் இல்லாமலே கோடு போட்டுக்கொண்டிருந்தது. திடுக்கிட்டுத் திரும்பி வருவேன். கோடு சரியாக இருக்கும். நடுவில் பத்து அடியோ இருபது அடியோ நான் எங்கே இருந்தேன் என்பதற்குத்தான் சாட்சி இல்லை. முன்னூற்றுச் சில்லறையில் ஒரு தடவை மதிய சாம்பாரில் இருந்தேன். இன்னொரு தடவை, முந்தின வருஷம் என்னோடு வாய்ச் சண்டை போட்ட ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மணி இரண்டு எட்டுக்கு, டக் என்று ஒரு சத்தம். அதன் வாலிலேயே இன்னொரு டக்.

முனுசாமி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் கால் பெடலுக்கு வெளியே இருந்தது. ஆனால் அது பிறகு பார்த்தது.

“ரெண்டு அடி அடிச்சிச்சுண்ணா. பாத்தியா?”

“நீ ரெண்டு தடவை மிதிச்சியா?”

“ஒரு தபாதான். மிதிச்சேன், எடுத்துட்டேன். நீதான பாத்துகினு இருந்த?”

நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டு நாளாகப் பெய்த மழையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி ஒழுகியது. எந்த மூலையில் பூச வேண்டும், எந்தக் கொத்தனாரைக் கூப்பிடுவது என்பதில் இருந்தேன். காகிதத்தில் நானூற்றுப் பதினேழாவது கோடு ஒழுங்காக இருந்தது.

அதன் பிறகு மூன்றே முக்கால் வரை ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கவில்லை என்றே நம்புகிறேன். மேலும் தொள்ளாயிரத்து முப்பது அடி. ஒன்றுகூட இரட்டிக்கவில்லை.

“பாத்தேன்னு எழுதிடுண்ணா,” என்றான் முனுசாமி, கையைத் துடைத்தபடி. “நா ஒரு தபாதான் மிதிச்சேன்னா மேனேஜர் நம்ப மாட்டாரு, காலு ஒட்டிக்கினு இருந்திருக்கும்பாரு. நீ எழுதுனா நம்புவாரு. பாய்க்கு வேல நிக்கும். பொய்யா இது? நடந்துதா இல்லியா?”

நடந்தது. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அன்று மாலை எழுதினேன்: ‘417ஆவது அடியில் கால் பெடலை விட்ட பிறகு தலை இரண்டாம் முறை இறங்கியதைப் பார்த்தேன்.’ ஓரத்தில் ‘பா’. நான் எழுதிய வாக்கியங்களில் மிக நல்ல காரியத்துக்காக எழுதியது அதுதான்.

யசோதரா ஸ்கேலை வைத்தார். படித்தார். ஸ்கேல் நகரவில்லை.

“ரெண்டாவது தடவை தலை கீழ வரைக்கும் வந்துச்சா, பாதியில நின்னுச்சா?”

எனக்குத் தெரியவில்லை.

“சார்?”

“மேடம், அந்த ஆளுக்கு வேலை போயிடும்.”

“போகலாம். போகக் கூடாதுன்னுதான் உங்களை உக்கார வெச்சேன்.” குரலில் கோபம் இல்லை. வேறு ஏதோ ஆவல் இருந்தது. “நீங்க பாக்கலன்னா, அப்ப எங்க இருந்தீங்க?”

சொன்னேன். மாடி, மூலை, கொத்தனார்.

“அதை எழுதுங்க.”

“ரிப்போர்ட்லயா? என் வீட்டு மாடியையா?”

“அங்கதானே இருந்தீங்க.”

எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூன்று வாக்கியங்கள். டைரியில் நகல் இருக்கிறது:

‘பகல் 2.08, 417ஆவது அடி: இரண்டு முறை இடித்த சத்தம் கேட்டது, பார்க்கவில்லை. அப்போது என் கவனம் மேனாம்பேட்டில் உள்ள என் வீட்டு மொட்டைமாடி ஒழுகலில் இருந்தது. பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்து, முப்பத்தெட்டாவது நிமிடத்தில் இது எனக்கு நடந்தது.’

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. மேனேஜர் அறிக்கையை வாய்விட்டுப் படித்தார். மாடிக்கு வந்ததும் நிறுத்தினார். “என்ன தேவராஜ், உங்க வீட்டு மாடி ஒழுகறதுக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்? நான் வேணா ஒரு மூட்டை சிமெண்ட் அனுப்பவா?” என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. “உங்க கவனக்குறைவை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“ஆமா சார்.”

மறுபடி படித்தார். இந்தத் தடவை வாய்க்குள். கடைசி வாக்கியத்தில் அவர் விரல் நின்றது.

“நாற்பது நிமிஷமா?”

“முப்பத்தெட்டு சார்.”

யசோதராவின் பக்கம் திரும்பினார். “சலீம் அன்னிக்கு எவ்வளவு நேரம் உக்காந்திருந்தான்?”

“ஆறே கால் மணி நேரம். நடுவுல ஒரு டீ.”

மேனேஜர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு பக்கத்தில் முடிய வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். “கிளட்சைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க,” என்றார்.

சனிக்கிழமை மதியம் முனுசாமி ஒரு எண்ணெய்த் துணியைக் கொண்டுவந்து மேஜையில் பிரித்தான். தலையை ஓர் அடியோடு நிறுத்தும் இரும்புச் சாவி உள்ளே இருந்தது. அதன் விளிம்பு, குளித்துத் தேய்ந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தது. “இந்தா கீது,” என்றான். “எப்பனா ஒரு தபா வழுக்கும். எல்லா நேரமும் வழுக்காது. அதான் அம்பது அடியில ஆப்டல.”

சலீமை நிரந்தரம் செய்தார்கள். அளவு சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த வரிசையில் இருந்த எல்லா பிரஸ்ஸுக்கும், கை உள்ளே போகவே முடியாதபடி கூண்டு போடப்பட்டது. இறுதி அறிக்கையில் ‘சாவி தேய்ந்ததால் விபத்து நேர்ந்தது’ என்று எழுதிக் கொண்டுபோனேன், வெற்றியோடு. யசோதரா ஓரத்தில் ‘நி’ போட்டார். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டே காலுக்குச் சாவி வழுக்கியதை யாரும் பார்க்கவில்லையே.

ஓய்வு பெற்ற மறு வருஷம், பத்து நாள் மௌனப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். மேடம் போகச் சொல்லவில்லை. அம்பத்தூர் நூலகத்தில் பௌத்தம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தேன். எட்டு வழிகளில் ஒன்றுக்கு நற்கடைப்பிடி என்று பெயர். நடப்பதை நடக்கும்போதே அறிந்திருப்பது என்று பொருள் சொல்கிறார்கள். அந்த மூன்று எழுத்தும் இதுவும் ஒன்றா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வாசலிலேயே பேனாவையும் டைரியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாற்பது வருஷத்தில் தேதி போடாமல் கழிந்தவை அந்தப் பத்து நாட்கள்தான். நாலாம் நாள் முழங்கால் கடுத்தபோது, மனசு ஓரத்தில் எழுத்துப் போடப் பார்த்தது. வலியைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, வெறுமனே நினைக்கவும் இல்லை. வெளியே வந்ததும் முதலில் யசோதராவுக்குத்தான் போன் செய்தேன்.

“மேடம், ஒரு எழுத்து குறையுது.”

“எது சார்?”

“உணர்ந்தது.”

சிரித்தார். “உ போட்டுக்குங்க. ஆனா போடறதுக்கு முன்னாடி அது நி-யான்னு ஒரு தடவை பாத்துக்குங்க.”

அங்கே எனக்குப் புதிதாகத் தெரிந்தது ஒன்றுதான். மனம் சிதறாமல் இருப்பதுதான் தியானம் என்று நினைத்துப் போனேன். சொல்லிக்கொடுத்தவர், போய்விட்டோம் என்று தெரிகிற அந்த நொடிதான் பயிற்சி என்றார். அப்படியானால் நானூற்றுப் பதினேழாவது அடியை நான் தவறவிட்ட அடி என்று இத்தனை வருஷம் எண்ணி வந்தது சரியா? எழுதும் வேலை தியானத்தைவிட ஒரு படி கூடுதலாகக் கேட்கிறது என்றும் தோன்றுகிறது. உட்கார்ந்திருப்பவர் திரும்பி வந்தால் போதும். எழுதுகிறவர், எங்கிருந்து திரும்பி வந்தார் என்று அடுத்தவர் படிக்கும்படி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இது சரியான வித்தியாசம்தானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. ஓரத்தில் ‘நி’ போட்டு வைக்கிறேன்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாக்கியங்களையும் கட்டம் போட்ட தாளில் எழுதி எண்ணினேன். நூற்றைம்பதுக்குள் அடங்கவில்லை. நடு வாக்கியத்தை எடுத்துவிட்டால் தாராளமாக அடங்குகிறது. போன் செய்தவரைத் திருப்பி அழைத்துச் சொன்னேன்.

“மாடியை எடுத்துட்டா சரியா இருக்கு சலீம்.”

“அத எடுத்துட்டா மீதி எதுக்கு சார்?” என்றார். கூண்டு போட்ட பிரஸ் வரிசைக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. “பெட்டியப் பெருசு பண்ணச் சொல்லி எழுதிக் குடுக்கறேன். நீங்க வந்து அதையே பேசுங்க.” பிறகு, போனை வைக்கப் போகிறவர் மாதிரி, “ஆமா, அந்த மாடி ஒழுகறது நின்னுச்சா?” என்று கேட்டார்.

“மூணு தடவை பூசியாச்சு. போன வாரம் மழையில மறுபடி சொட்டுச்சு.”

“பாத்தீங்களா சார், கேட்டீங்களா?”

“கேட்டேன்,” என்றேன்.